யோம் கிப்பூர் நோன்பும் நான்கு மாதக் குழந்தையும்

யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூரைக் கைக்குழந்தையோடு எதிர்கொள்ளப்போகிற தாய்மார்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டியதை எல்லாம் சூரியன் மறைவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். நோன்பு தொடங்கிவிட்டால் வேலை செய்வதும் மின்கருவிகளை இயக்குவதும் விலக்கு என்பதால் தொலைபேசியைத் தொட முடியாது; ஜெருசலேம் சாலைகளில் கார் ஓடாது; ஒரு கடையும் திறந்திருக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையையும் மீறலாம், மீறவும் வேண்டும். ஆனால் இது ஆபத்துதானா என்று யாரிடமும் கேட்க வழியில்லாமல், அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நடுப்பகலில் தவிப்பது பெரிய கொடுமை.

எங்கள் மகள் கோடையின் தொடக்கத்தில் பிறந்தாள். யூத நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17-ஆம் நாள் வரும் நோன்பில் சிக்கல் இல்லை. இதுபோன்ற சிறு நோன்புகளிலிருந்து பால் கொடுக்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. மூன்று வாரம் கழித்து வந்த, ஆவ் மாதம் 9-ஆம் நாள் நோன்பான திஷா பெஆவ்தான் என்னைச் சாய்த்தது. அந்த நோன்பு பால் கொடுப்பவர்களுக்கும் உண்டு என்பது எங்கள் சமயச் சட்டம். கொளுத்தும் வெயிலில் ஏறக்குறைய 25 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தேன். மாலையில் பிள்ளை மார்பைக் கவ்வுவாள், நாலு முறை உறிஞ்சுவாள், தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு வீறிடுவாள். பால் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆயின. அந்த வாரம் எடை ஏறவே இல்லை. புட்டிப்பால் கொடுத்துப் பார்த்தோம். விதவிதமான ரப்பர் காம்புகளை வாங்கினோம். எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினாள்.

அடுத்த இரண்டு மாதத்தில் யோம் கிப்பூர் வரும். திஷா பெஆவில் உடல்நலம் குன்றியவர் சாதாரணமாகவே சாப்பிடலாம். யோம் கிப்பூரில் அப்படி இல்லை. உயிராபத்துக்கு இடம் இருந்தால்தான் சட்டம் நெகிழும். ஆகவே ஒரு ரப்பியின் (யூத மதகுருவின்) அலுவலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசி செய்தேன். எடுத்தவர் உதவியாளர். “பால் கொடுப்பவர்களும் நோன்பிருக்க வேண்டும் அம்மா, தெளிவாக எழுதியிருக்கிறது” என்றார். பிள்ளை புட்டியில் குடிப்பதில்லை என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். குழந்தை நல நிலையத்துக்குப் போனால், அங்கிருந்த செவிலியர், “பேசாமல் தண்ணீரைக் குடியுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார். என் மீது அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அந்த நாள் ஆண்டின் மிகப் புனிதமான நாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வா என்பது எனக்குப் பதிலாகாது. ஒருவர் நோன்பிரு என்றார், இன்னொருவர் குடி என்றார். பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறாள், எத்தனை டயப்பர் நனைகிறது என்று இருவருமே கேட்கவில்லை. இன்றும் என் கோபம் அதில்தான்.

வழி காட்டியவர் ஒரு பெண். பெண்களின் சமயச் சட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற பெண் ஆலோசகர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். யோஎட்செட் ஹலாகா என்று அழைப்போம். ஜெருசலேமின் நிஷ்மத் கல்விக்கூடம்தான் இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. முதல் அணி 1999-இல் வெளிவந்தது. அவர்களில் ஒருவரை ஒரு தோழி மூலம் பிடித்தேன். எடுத்ததும் அவர் கேட்டது கேள்விகள்தான். வயது என்ன? தாய்ப்பால் மட்டுமா? திஷா பெஆவில் என்ன நடந்தது? எடை அட்டை கையில் இருக்கிறதா?

எடை அட்டையில் புதிய பதிவு இல்லை. எடை போடப் போனால் நிலையம் பூட்டிக் கிடந்தது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு முந்தின நாள் சீக்கிரம் மூடிவிடுவார்களாம். கதவில் ஓர் அறிவிப்புகூட இல்லை. வெயிலில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வீணாய்த் திரும்பினேன். புத்தாண்டும் யோம் கிப்பூரும் வரும் திஷ்ரி மாதத்தில் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நேரத்தை விசாரிக்காமல் எந்த அலுவலகத்துக்கும் கிளம்பாதீர்கள்.

பண்டிகை முடிந்து எடையைச் சொன்னதும், ஆலோசகர் ஒரு ரப்பியிடம் கலந்து பேசி எனக்கான தீர்ப்பைச் சொன்னார். நோன்பைத் தொடங்கலாம். ஜெப ஆலயத்துக்குப் போகாமல் குளிர்ந்த அறையில் படுத்திருக்க வேண்டும். பால் குறைகிற அறிகுறி தெரிந்தால் காத்திராமல் சிறு அளவுகளில் குடிக்கத் தொடங்க வேண்டும். “அப்படிக் குடித்தால் அதுவும் அன்றைய கட்டளையை நிறைவேற்றுவதுதான், குற்ற உணர்வே வேண்டாம்” என்றார். இது என் பிள்ளைக்கான தீர்ப்பு. சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே குடிக்கச் சொல்வார்கள், சிலருக்கு முழு நோன்பு என்பார்கள். என் பதிலை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் பதிலைக் கேட்டு வாங்குங்கள்.

சிறு அளவு என்பது ஒரு பக்கக் கன்னம் நிறையும் அளவுக்கும் குறைவு. அது ஆளுக்கு ஆள் மாறும். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ஒரு குவளையில் உமிழ்ந்து, அதில் பாதிக்கும் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு 35 மில்லிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. இருமல் மருந்தோடு வரும் சின்னக் குவளையில் 30-இல் மையால் கோடு போட்டோம். ஒரு முறை குடித்தால் அடுத்ததற்கு ஒன்பது நிமிடம் இடைவெளி விட வேண்டும். அளப்பது, கோடு போடுவது எல்லாவற்றையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். திராட்சைச் சாறு பாட்டிலின் மூடியையும் முதல் நாளே திருகித் திறந்து வையுங்கள். ஏசியை ஓடவிட்டு வைக்க மறக்காதீர்கள். காபியை ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வந்ததால் எனக்குத் தலைவலி வரவில்லை. கடைசி உணவில் உப்பைக் குறையுங்கள். தண்ணீரை அந்த நேரத்தில் மடமடவென்று குடித்துப் பயனில்லை. பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும்.

இரவு நன்றாகவே கழிந்தது. காலையிலும் பால் இருந்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நண்பகல் தாண்டியதும் பழைய அடையாளம் தெரிந்தது: கவ்வுவது, நாலு இழுப்பு, தலைத் திருப்பம், வீறிடல். டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் மாற்றியது அப்படியே உலர்ந்து கிடந்தது.

மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். “இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரேன்மா, நாங்களெல்லாம் கைக்குழந்தையோடு இருந்து முடித்தவர்கள்தானே” என்றார். திஷா பெஆவில் அந்த ‘இன்னும் கொஞ்சம்’ என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும். என் கணவர் ஒன்றும் பேசாமல் கோடு வரை சாற்றை ஊற்றி நீட்டினார். வாங்கும்போது கை நடுங்கியது, அழுகையும் வந்தது. ஆசீர்வாதம் சொல்லிக் குடித்தேன். அதன் பிறகு அவர் சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை குவளை வந்தது, சாறும் தண்ணீரும் மாறி மாறி. நாலு மணிவாக்கில் பிள்ளை தலையைத் திருப்பாமல் நிதானமாகக் குடித்தாள். சற்று நேரத்தில் டயப்பர் நனைந்து கனத்தது. “நனைந்துவிட்டது!” என்று முதலில் கூவியவர் மாமியார்தான்.

நோன்பு முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்; முதலில் திரவம், பிறகு இலேசான உணவு. அன்றிரவும் மறுநாளும் பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். ஐந்தே நாளில் கூடாரப் பண்டிகையான சுக்கோத் வந்துவிடும், நிலையத்தின் நேரம் மறுபடியும் மாறும். அதனால் மறுநாள் காலையிலேயே எடை போட்டுவிடுங்கள். நான் போனபோது கதவு திறந்திருந்தது, இந்த முறை எடையும் ஏறியிருந்தது.