திரை வந்தது, குரல் பின்தங்கியது

2020 மார்ச் கடைசியில் அலுவலகத்தைப் பூட்டியபோது, சிஸ்டம் அட்மினாக இருந்த நான் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியை இயக்கும் வசதி, அமைத்துக் கொடுத்தேன். கணக்குப் பிரிவு நண்பர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். அவருக்குப் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் திரையில் உள்ளதை வாசிக்க வாசிக்க, அதைக் கேட்டுத்தான் எக்செல்லில் வேலை பார்ப்பார்.

"சார், நான் நாலு செல் தள்ளிப் போன அப்புறம்தான் முதல் செல்லைப் படிக்குது" என்றார் போனில். பக்கத்தில் இருந்த அவர் தம்பியிடம் திரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பளிச்சென்று இருக்கிறதாம்.

அங்கேதான் விஷயம் இருந்தது. 1920×1080 அளவுள்ள ஒரு திரைப் படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறக்குறைய 6.2 எம்பி. நொடிக்கு 30 படம் என்றால் 186 எம்பி. சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. அதனால் மென்பொருள் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. எக்செல்லில் ஒரு செல் மாறினால் அந்தச் சின்னக் கட்டம் மட்டும் போகும். 1998இல் ரிமோட் டெஸ்க்டாப்பின் முன்னோடியான விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் வந்த காலத்தில் இன்னும் சிக்கனம்: 'இங்கே ஒரு கோடு போடு, இந்த எழுத்தை அங்கே வை' என்று கட்டளைதான் போகும், வரைவது நம் கணினி. சற்றுத் தாமதித்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும்.

ஒலிக்கு அந்த வசதி இல்லை. பேச்சில் 'மாறாத பகுதி' என்று எதைத் தள்ளுவது? சிடி தரத்தில் சுருக்காத ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். சுருக்கினாலும் வரிசை மாறாமல், நேரம் தவறாமல் வந்தாக வேண்டும். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது; அவை முன்பின்னாக வருவதால், வாங்கும் கணினி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்கும். அந்தச் சேமிப்பே தாமதம். போதாததற்கு அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் எங்கள் விபிஎன், டிசிபி என்ற அனுப்பும் முறையை மட்டுமே அனுமதித்தது. அதில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்து நிற்கும். பாட்டுக் கேட்பவருக்கு அரை நொடி பெரிதில்லை. இவருக்கோ ஒவ்வொரு விசைக்கும் பதில் அந்தக் குரல்தான்.

வால்பேப்பரை நீக்கினேன், நிறத்தை 16 பிட்டாகக் குறைத்தேன், தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்து நிற்காத யூடிபி முறையையும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டில் திறக்கச் சொன்னேன். "பரவாயில்லை சார்" என்றார். அந்தக் குரலிலேயே தெரிந்தது, போதவில்லை என்று.

வழியைக் கண்டுபிடித்தவர் அவரேதான். என்விடிஏவோடு சேர்த்துக்கொள்ளும் என்விடிஏ ரிமோட் என்ற துணைநிரல். அது ஒலியை அனுப்புவதே இல்லை. அலுவலகக் கணினியில் உள்ள என்விடிஏ தான் பேசவிருக்கும் சொற்களை எழுத்தாக அனுப்ப, வீட்டில் உள்ள என்விடிஏ அதைத் தன் குரலில் பேசுகிறது. சுருக்காத ஒலி ஒரு நொடிக்கு 176 கேபி (எட்டு பிட் ஒரு பைட்). ஒரு வாக்கியத்தின் எழுத்துக்குச் சில நூறு பைட்டே அதிகம். பழைய 'கோடு போடு' கட்டளையின் அதே யோசனை. எனக்குத் தெரிந்த தத்துவம்தான், ஆனால் நான் காதுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

என்விடிஏவை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கர்ரனும் பார்வையற்றவர். 2025.1 பதிப்பிலிருந்து இந்த வசதி அதற்குள்ளேயே வருகிறது.

இப்போதெல்லாம் புது இணைப்பு கொடுக்கும்போது மானிட்டரை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு பத்து நிமிடம் வேலை செய்து பார்த்த பிறகே ஒப்படைக்கிறேன்.