“வைஃபை வரல அண்ணே”

சிங்கப்பூரில், ஆகஸ்டில் கல்வியாண்டு தொடங்கியதும் பல்கலைக்கழகக் கணினிச் சேவைக் கவுண்டரில் அதிகம் காதில் விழுவது இந்த மூன்று சொற்கள்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் அண்ணே என்பார்கள். திருச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்திறங்கி நாலு நாள்கூட ஆகாதவர்கள் ‘சார்’ என்று ஆரம்பித்து, எதிரில் தமிழ் கேட்டதும் ‘அண்ணா’வுக்கு மாறிவிடுவார்கள். யார் சொன்னாலும் பெரும்பாலும் வைஃபை நன்றாகத்தான் இருக்கும். பழைய கடவுச்சொல்லையோ பழைய எண்ணையோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கருவியில்தான் கோளாறு.

கணக்கு பூட்டிக்கொள்வதையே எடுத்துக்கொள்வோம். காலையில் மடிக்கணினியில் கடவுச்சொல்லை மாற்றியாயிற்று. பைக்குள் இருக்கும் கைபேசிக்கு அந்தச் செய்தி தெரியாது. பழைய சொல்லையே வைத்துக்கொண்டு, வளாகத்தில் ஒவ்வொரு கட்டடத்தைக் கடக்கும்போதும் வைஃபையின் கதவைத் தட்டும். சர்வர் தவறான முயற்சிகளை எண்ணிக்கொண்டே வந்து, வரம்பு தாண்டியதும் கணக்கைப் பூட்டிவிடும். வைஃபை, மின்னஞ்சல், பாடத்தளம், அச்சு இயந்திரம் எல்லாம் ஒரே கணக்கில் ஓடுவதால் அத்தனையும் ஒன்றாக நிற்கும். கவுண்டரில் திறந்துகொடுத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டு. “யாரோ ஹேக் பண்றாங்க” என்று முகம் வெளிறி வருவார்கள். ஹேக் செய்வது அவர்கள் பையிலிருக்கும் கைபேசிதான்.

திறப்பதற்கு முன் எல்லாக் கருவிகளையும் விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டும். கைபேசி, டேப்லெட், விடுதி அறையில் சார்ஜில் கிடக்கும் பழைய மடிக்கணினி, எதையும் விடக்கூடாது. பிறகு கணக்கைத் திறந்து, ஒவ்வொன்றிலும் அந்த வைஃபையை ‘மறந்துவிடு’ கொடுத்து அழித்து, புதிய சொல்லை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். மின்னஞ்சல் செயலியில் தனியாகச் சேமித்த சொல்லையும் மாற்ற வேண்டும். இதற்குப் பிறகும் பூட்டிக்கொண்டால் ஒரு கேள்வி கேட்போம்: “ஃபிரெண்டு போன்ல உங்க ஐடி போட்டுக் குடுத்தீங்களா?” பதில் வரச் சற்று நேரமாகும்.

எஜுரோம், அதாவது சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே மற்ற வளாகங்களிலும் இணைய உதவும் வைஃபை, அதன் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பயனர் பெயரோடு @ குறியும் அதன் பின்னால் பல்கலைக்கழகத்தின் முகவரியும் சேர வேண்டும். நீங்கள் போயிருக்கும் வளாகம் உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை. @-க்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து, உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வரிடம் கேட்டுத்தான் உள்ளே விடும். சொந்த வளாகத்தில் சில சமயம் வெறும் பெயரே வேலை செய்துவிடும் என்பதால் பிழை வெளியே தெரியாது. பரிமாற்றத் திட்டத்தில் மெல்பர்ன் போய் இறங்கியதும் தெரியும். கிளம்புவதற்கு முன்பே முழுப் பெயரோடு இங்கேயே இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வைஃபையை இணைப்பது எப்படி என்று சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் இன்னொரு தொல்லை. எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று காட்டும் சான்றிதழ் என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்வு செய்யச் சொல்லும். ஆண்ட்ராய்டு 11-க்கு வந்த ஒரு மேம்பாட்டிலிருந்து பல கைபேசிகளில் அந்தத் தேர்வே கிடையாது. அதை நீக்கியது சரிதான். சரிபார்க்காத கைபேசி, அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால் அங்கேயும் போய்க் கடவுச்சொல்லை நீட்டும். டொமைன் என்ற கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிப் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து அப்படியே நிரப்பினால் போதும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கைபேசி எண்தான் பெரிய தலைவலி. சேர்க்கையின்போது +91 எண் கொடுத்திருப்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர் சிம் போட்டு, பழையதைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிடுவார்கள். கணக்கில் நுழையும்போது கேட்கும் உறுதிப்படுத்தும் குறியீடு அந்தப் பர்ஸுக்குத்தான் போகும். ஊரில் யாரும் ரீசார்ஜ் செய்யாவிட்டால் கொஞ்ச நாளில் அந்த எண்ணே செத்துவிடும். புதுக் கைபேசி வாங்குபவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். பழையதைச் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கொடுத்துக் காசு வாங்கிய பிறகுதான் உறுதிப்படுத்தும் செயலி அதில் இருந்தது நினைவுக்கு வரும். முதலில் புதியதைச் சேர்த்து, ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்து, அதன் பிறகே பழையதை நீக்க வேண்டும். கவுண்டரில் மாற்றிக்கொடுக்க மாணவர் அட்டையோடு நேரில் வரச் சொல்வோம். நண்பனை அனுப்பினால் நடக்காது, கோபித்துக்கொண்டாலும்.

அந்தச் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் ‘தவறு’ என்றே வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சிலர் நேர மண்டலத்தை மாற்றாமல், முள்ளை நகர்த்துவதுபோல மணியை மட்டும் கையால் மாற்றிவிடுவார்கள். திரையில் நேரம் சரியாகத் தெரியும். உள்ளே உலகப் பொது நேரம் இரண்டரை மணி நேரம் பிசகியிருக்கும். குறியீடோ 30 விநாடிக்கு ஒருமுறை அந்த உள் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. நேரத்தைத் தானியங்கிக்கு விட்டால் அடுத்த குறியீடே வேலை செய்யும்.

உண்மையிலேயே வைஃபை படுத்துவது பெரிய விரிவுரை மண்டபங்களில். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். வேகம் குறைந்ததும் நாலு பேர் கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் திறப்பார்கள். அவையும் அதே சேனல்களில் வந்து உட்கார, மிச்சம் இருந்ததும் போகும்.

‘அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது’ என்ற போலி மடலில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டவர்கள், அதை மாற்றியதும் தப்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள். மோசடிக்காரன் உள்ளே வந்தவுடன், வரும் மடல்களைத் தனக்குத் திருப்பிவிட ஒரு விதி எழுதி வைத்திருப்பான். கடவுச்சொல் மாறினாலும் விதி மாறாது. மடல் அமைப்புகளில் திருப்பிவிடும் விதிகளைப் பார்த்து நீக்க வேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். தெரியாத கைபேசி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மோசடிதானா என்ற சந்தேகம் இருந்தால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழைக்கலாம்.

தமிழ் படிக்கும் மாணவர்கள் கொண்டுவரும் சிக்கல் ஒன்று தனி ரகம். ஆசிரியர் கொடுத்த பழைய குறிப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வைரஸ் இல்லை. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்திய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து அதற்குரிய மாற்றியில் போட்டால் தமிழ் திரும்பிவிடும். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட ஊர் இது. 1997-ல் தமிழ்க் கணினி பற்றிய தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னும் பென்டிரைவில் வந்துகொண்டிருக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கும்போது எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் ஆக்குங்கள். இல்லாவிட்டால் அச்சு அறைக் கணினி தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொண்டு கொம்பையும் காலையும் பிரித்துவிடும்.

பட்டம் வாங்கியபின் கணக்கு மூடப்படும் தேதி மடலில் வரும். ஆய்வேட்டை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நினைவிருக்கும். வங்கியிலும் வேலை விண்ணப்பங்களிலும் பல்கலைக்கழக மின்னஞ்சலையே கொடுத்திருப்பதுதான் மறந்துபோகும். மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே முகவரியை மாற்றத் தொடங்குங்கள். மாற்றத்தை உறுதிசெய்யும் மடல் பல இடங்களில் பழைய முகவரிக்குத்தான் வரும்.