புளி தட்டிய தடியும் இரண்டாம் தாளும்

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் எழுதித் தாக்கல் செய்பவர் காப்புரிமை முகவர். அதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம் என்று கேள்விப்பட்டபோது நம்பவில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் பார்த்தேன். இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், தகுதித் தேர்வில் தேர்ச்சி. அவ்வளவுதான்.

தேர்வு ஆண்டுதோறும் நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தேன். முதல் தாளுக்கு மனப்பாடம் போதும். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் சூளகிரி தாண்டுவதற்குள் 3ஆம் பிரிவின் உட்பிரிவுகளை ஒருமுறை ஒப்பித்துவிடுவேன். எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்ற பட்டியல் அது. வேளாண் முறைகூட அதில் இருப்பது எங்கள் ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இரண்டாம் தாள்தான் கவிழ்த்தது. கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பும், அதில் எதுவரை நமக்கே உரியது என்று எல்லை போடும் உரிமைக் கோரிக்கையும் எழுத வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 100க்கு 50 எடுத்தால்தான் நேர்முகம். எனக்கு 47.

எங்கே தவறினேன் என்பது வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது. அம்மா புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்காக அந்தத் தடிக்கே கோரிக்கை எழுதினேன்: "வேப்பமரக் கைப்பிடியும், அதில் இரண்டு ஆணிகளால் பொருத்திய இரும்புத் தலையும் கொண்ட கருவி." இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். "பிளாஸ்டிக் கைப்பிடி போட்டு ஒருவன் விற்றால் உன்னால் என்ன செய்ய முடியும் தம்பி? ஆணிக்குப் பதில் பற்றவைத்தால்?" வேம்பும் ஆணியும் போயின. கைப்பிடி, அதனோடு இணைந்த தலை என்று மட்டும் மிஞ்சியது. "இப்போது ஊரிலுள்ள சுத்தியல் எல்லாம் உன்னுடையது, விடுவார்களா?" என்றார். கொட்டை சிதறாமல் தடுக்கும் தலையின் குழிவைச் சேர்த்தபோதுதான் தலையசைத்தார். ஒரு மில்லிமீட்டரையும் விடாமல் குறித்துப் பழகிய கை, எதை எழுதாமல் விடுவது என்று கற்க ஆறு மாதம் ஆனது.

அடுத்த முறை 71, 58. மொத்தம் 250க்கு 60 சதவீதம், அதாவது 150 வேண்டும். நேர்முகத்தின் 50 மதிப்பெண்ணில் 21 தேவைப்பட்டது. கிடைத்தது. பிறகு படிவம் 22, கட்டணம், பதிவு.

நீதிமன்றத்தில் வாதாட எனக்கு உரிமை இல்லை, காப்புரிமை அலுவலகத்தில் மட்டும்தான் என்று பலமுறை சொல்லிவிட்டேன். தெருவில் அம்மா இன்னும் என்னை வக்கீல் என்றுதான் சொல்கிறார்.