தோல் வியாதில யாராவது சாவாங்களா?

நான் ஸ்கின் வார்டுல நர்ஸ். வேலைய பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் கேக்குறது, "சொறி சிரங்குக்கு களிம்பு தடவுற வேலைதானே, அங்க யாரு சாகப்போறா".

போன வாரம் ஒரு அம்மா தவறிட்டாங்க. வலிப்புக்கு கார்பமாசெபின் ஆரம்பிச்சு மூணாவது வாரம் காய்ச்சல், கண்ணு எரிச்சல், வாயெல்லாம் புண்ணு, சாதாரண வைரல் காய்ச்சல்னு நெனச்சு மாத்திரைய நிறுத்தாமலே நாலு நாள் ஓட்டிருக்காங்க, எங்ககிட்ட வர்றப்போ முதுகுத் தோல் பெட்ஷீட்டோட ஒட்டிக்கிட்டு வருது. டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ், மருந்து ஒத்துக்காம தோல் செத்து உரிஞ்சு வர்ற நோய். உடம்புல 10 சதவீதத்துக்கு கீழ தோல் உரிஞ்சா அதுக்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன்னு பேரு, அதுல 10 பேர்ல ஒருத்தர் போயிடுவாங்க. 30 சதவீதத்த தாண்டினா இது, மூணுல ஒருத்தர் கிட்ட.

"தோல் வியாதிதானேக்கா, இதுக்கு எதுக்கு ஐசியூ?"ன்னு அவங்க பொண்ணு கேட்டுச்சு. தோலும் கிட்னி, ஹார்ட் மாதிரி ஒரு உறுப்புதாம்மா, அது ஃபெயிலாச்சுன்னா தண்ணியும் உப்பும் புரோட்டீனும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், உடம்பு சூடு நிக்காது, கிருமி நேரா ரத்தத்துக்குள்ள போயிடும்னு சொன்னேன். பெரும்பாலும் உயிரை எடுக்கிறது அந்த செப்சிஸ்தான், அதாவது கிருமி உடம்பு முழுக்க பரவுறது. பிளாஸ்டர் கூட ஒட்ட மாட்டோம், எடுக்கிறப்போ தோலும் சேர்ந்து வந்துரும். ரூம சூடா வெச்சு, ஒட்டாத துணி சுத்தி, கண்ணுல மருந்து விட்டுக்கிட்டே இருப்போம், திருப்பிப் படுக்க வைக்கவே நாலு பேர் வேணும்.

இந்த நோய்ல உயிருக்கு எவ்வளவு ஆபத்துன்னு பாக்க ஸ்கார்டென்னு ஒரு கணக்கு இருக்கு, 2000ல வந்தது. வயசு 40க்கு மேலயா, கேன்சர் இருக்கா, நாடி 120ஐ தாண்டுதா, சுகர், யூரியா, இப்படி ஏழு விஷயம். அந்த அம்மாவுக்கு மூணு வந்துச்சு. மூணுன்னா 35 சதவீதம் இறக்க வாய்ப்பு. அப்போ 65 பேர் பிழைக்கிறாங்கல்லன்னு அதையே மனசுல பிடிச்சுக்கிட்டு இருந்தேன், ஆறாவது நாள் பிபி இறங்க ஆரம்பிச்சுது.

பெம்ஃபிகஸ் வேற மாதிரி. ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி அந்த கொப்புள நோய் வந்தவங்க பெரும்பாலும் பிழைச்சதில்ல, இப்போ நிறைய பேர் வீட்டுக்கு நடந்து போறாங்க. ஆனா அதே ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்திய குறைச்சுரும், அதனால அங்கயும் கடைசில இன்ஃபெக்‌ஷன்தான் பயம்.

எனக்கு ஆறாதது அந்த நாலு நாள்தான். வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிடுக்கு குடுக்கிற அலோபியூரினால், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் இதெல்லாம் புதுசா ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துல காய்ச்சலோட வாய்ப்புண்ணு, கண்ணு சிவப்பு, தொட்டா வலிக்கிற தடிப்பு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க ப்ளீஸ், சாப்பிடுற எல்லா மாத்திரையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

மாத்திரை பேர பேப்பர்ல எழுதி அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன், இதுல பரம்பரைக்கும் பங்கு இருக்கு, நீயும் உன் தம்பியும் எந்த டாக்டர்ட்ட போனாலும் முதல்ல இத காட்டணும்னேன். ரெண்டு தடவ வாய்விட்டு படிச்சுப் பாத்துட்டு, ஸ்பெல்லிங் சரியாக்கான்னு கேட்டுச்சு.