மார்ச் மாதத்து ஃபுட்பால் பேச்சு

பிலடெல்பியா பக்கம் குடிவந்தவர்கள் ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆனால் தெருவிலும் அலுவலகத்திலும் ஆட்கள் எனக்கு நெருக்கமானது ஆட்டமே இல்லாத மார்ச் மாதத்தில்தான். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிக்குப் போகலாம். யாரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று ஊரே கணக்குப் போடும்.

2024 மார்ச்சில் பேச்செல்லாம் ரன்னிங் பேக் பற்றித்தான். பந்தை வாங்கி எதிரணிக்குள் புகுந்து ஓடுகிறவர் அவர். ஓடும்போதெல்லாம் அடி விழும் என்பதால், 27 வயதைத் தாண்டினாலே பெரிய பணம் கொடுக்க அணிகள் யோசிக்கும். முந்தைய சீசனில் ஓடிய டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் சிகாகோவுக்குப் போனார். டெரிக் ஹென்றி கிடைப்பார், ஆனால் வயது 30. கடைசியில் நியூயார்க் ஜயண்ட்ஸில் இருந்த சேக்வான் பார்க்லியை மூன்று ஆண்டுக்கு 37.75 மில்லியன் டாலருக்கு எடுத்தார்கள். அவருக்கும் 27 வயது, 2020இல் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. இவ்வளவு பணமா என்று அலுவலகத்தில் பலர் கொதித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் அசரவில்லை. "ஓடுறவரை விடுங்க, எதிரணியைத் தடுத்து அவருக்கு வழி விடுற அஞ்சு பேரைப் பாருங்க" என்றார். ஜயண்ட்ஸில் அந்த வரிசை பலவீனம். இங்கே அந்த வரிசையில் லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிய மைலாட்டா, 2018இல் ஈகிள்ஸ் எடுக்கும்வரை அமெரிக்க ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.

பெரியவர் சொன்னது பலித்தது. பார்க்லி அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்றோம். ஆம், "வென்றோம்" என்றுதான் இப்போது வாயில் வருகிறது.

2025 மார்ச்சில் பார்க்லிக்கு மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், கவலை அவர் உடம்பைப் பற்றி. முந்தைய சீசனின் லீக் ஆட்டங்களில் மட்டும் 345 முறை பந்தைத் தூக்கி ஓடியிருந்தார், அதற்குப் பிறகு வரும் நாக்-அவுட் ஆட்டங்களான பிளே-ஆஃப் தனி. மாற்று ஆளாக இருந்த கென்னத் கெயின்வெல்லும் பிட்ஸ்பர்க் போய்விட்டார். இளைஞர் வில் ஷிப்லிக்கு ஆட்டத்துக்கு ஐந்தாறு ஓட்டமாவது கொடுக்க வேண்டும் என்பது அப்போது என் கட்சி. அந்த மார்ச்சில் புதிதாக வந்த ஏ.ஜே. டில்லனின் உடல்பலம்தான் சரிப்படும் என்றார் பெரியவர்.