ஒரே மரமாக வரைந்த இரண்டு மரங்கள்

கிளிநொச்சியில் உரமும் விதைநெல்லும் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் தரவுத்தளம் அமைத்து வருகிறேன். பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் அவர்களுக்குக் கிளைகள் உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்வோர் கமக்காரர் அமைப்பின் பெயரிலும் உரம் எடுப்பார்கள், தம் பெயரிலும் எடுப்பார்கள். அமைப்பு, குடும்பம், ஆள் என்ற மூன்று படிகளிலும் கடன் கணக்கு இருக்கும்.

முதல் வரைவில் கிளையை உச்சியில் வைத்து, அமைப்புகளையும் குடும்பங்களையும் அதன்கீழ் அடுக்கி, ஒவ்வொரு நிரையிலும், அதாவது அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும், அதன் மேற்படியின் இலக்கத்தை எழுதி ஒரு மரம்போல ஆக்கினேன். எந்தக் கணக்கை எந்தக் கிளையினர் பார்க்கலாம் என்பதும் அதே மரத்தைப் பொறுத்தே இருந்தது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் புதுக்குடியிருப்பில் பதிந்த ஒருவர் கலியாணம் முடித்துப் பரந்தனுக்கு வந்துவிட்டால், அவரை மரத்தில் நகர்த்திய கணமே அவருடைய பழைய கடன் முழுவதும் பரந்தன் கிளையில் இருப்பவர்களுக்குத் திறந்துவிடும். அந்தக் கிளையில் வேலை செய்பவர் பெரும்பாலும் அயல்வீட்டுக்காரர். கணவரை இழந்து தனியே கமம் செய்யும் பெண்ணொருத்தியின் நிலுவை ஊர்ப்பேச்சாக மாறுவதற்கு நான் எழுதிய அட்டவணை காரணமாகக்கூடாது.

ஆகவே அடங்கும் இடத்தையும் பார்க்கும் உரிமையையும் பிரித்தேன். யார் எந்தக் குடும்பத்தில், எந்த அமைப்பில் அடங்குகிறார் என்பதற்கு ஓர் இணைப்பு அட்டவணை: ஓர் ஆளுக்குத் தான், தன் குடும்பம், தன் அமைப்பு என மூன்று நிரைகள். அமைப்பின் மொத்தக் கடனை மரத்தில் படிப்படியாக இறங்காமல் ஒரே வினவலில் கூட்டலாம். எந்தப் பணியாளர் எந்தக் கணக்கை எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை பார்க்கலாம் என்பதற்குத் தனி அட்டவணை.

தடையைத் திரையில் மட்டும் வைத்தால், எக்செல் அறிக்கை எடுப்பவர் அதைத் தாண்டிவிடுவார். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2016இல் வெளியான 9.5 பதிப்பிலிருந்து நிரை அளவிலேயே தடை விதிக்கலாம். விதியை எழுதிவிட்டுச் சோதித்தபோது எல்லா நிரைகளும் தெரிந்ததால் அரைநாள் தடுமாறினேன். அட்டவணையின் உரிமையாளராகத் தரவுத்தளத்தில் நுழைந்தே சோதித்திருக்கிறேன். தனியாகக் கட்டாயப்படுத்தினாலன்றி உரிமையாளரை அந்த விதி கட்டுப்படுத்தாது.

அதைவிட நுண்ணிய கசிவு தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் இருந்தது. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையும் பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையும் புழக்கத்தில் இருப்பதால், அதை ஒவ்வொரு நிரையையும் அடையாளங்காட்டும் முதன்மைச் சாவியாக நான் எடுக்கவில்லை. ஆயினும் ஒரே இலக்கம் இருமுறை பதியப்படக்கூடாது என்று விதித்திருந்தேன். நிரைத் தடை இருந்தாலும் அந்தச் சரிபார்ப்பு முழு அட்டவணையையும் பார்க்கும். பரந்தனில் ஒருவர் இலக்கத்தைத் தட்டியவுடன் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று வந்தால், வேறொரு கிளையில் அவருக்குக் கணக்கு உண்டென்பது வெளிப்பட்டுவிடும். இப்போது அந்த விதியை எடுத்துவிட்டேன். எந்த இலக்கத்தையும் கிளை ஏற்றுக்கொள்ளும். ஒரே ஆளின் இரண்டு பதிவுகளை மாலையில் தலைமையகத்தில் ஒருவர் மட்டும் பார்த்து இணைப்பார்.