ஒசாக்காவில வயிறு முட்ட ஒரு நாள்

ஜப்பானுக்குப் போட்டு வந்தன் எண்டதும் கிளிநொச்சி ரவுணில காணுற ஆக்கள் எல்லாம் கேக்கிறது ரோக்கியோ எப்பிடி, புல்லட் ரெயின்ல ஏறினியோ, பூமி ஆடினதோ எண்டுதான். ரோக்கியோவைப் பற்றி எழுதக் கன ஆக்கள் இருக்கினம். நான் எழுதப்போறது ஒசாக்கா, அதிலயும் நம்பா ஸ்ரேசனைச் சுத்திக் கிடக்கிற தெருக்கள் மட்டும். கோட்டை, கோயில், பூங்கா எண்டு லிஸ்ற் போட்டு ஒவ்வொண்டா வெட்டிக்கொண்டு போறாக்களுக்கு இந்தப் பக்கம் சரிவராது. இஞ்ச பாக்கிறது வேற, தின்னுறது வேற இல்லை, வாயும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யோணும். இன்னொண்டு, பழைய ஊர் மாதிரித் தெரிஞ்சாலும் இதில முக்கால்வாசி 1945 குண்டுவீச்சில எரிஞ்சு சாம்பலாப் போய் கடைக்காரச் சனம் திரும்பக் கட்டி எழுப்பினது. அது தெரிஞ்சு நடந்தா லைற்றும் சத்தமும் வேற மாதிரித் தெரியும், எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது.

மாமியின்ர மகன், எனக்கு மச்சான், அங்க ஒரு பாக்டரியில ஷிப்ற் வேலை. அவனுக்கு லீவு கிடைச்ச நாளில வெளிக்கிட்டம். "விடியச் சாப்பிட்டிடாத மச்சான், வயித்தை வெறுமையா வைச்சிரு" எண்டு முதல் நாள் இரவே சொல்லிப்போட்டான். ஐகோகா எண்டு ஒரு கார்ட் இருக்கு, அதில காசு போட்டு வைச்சா ரெயின், பஸ், மூலைக்கு மூலை நிக்கிற சோடா மெசின் எல்லாத்துக்கும் ஒரு தட்டு தட்டினாக் காணும். நாங்கள் ஏறினது மிடோசுஜி லைன், சிவப்பு நிறம், 1933 இல ஓடத் தொடங்கின நிலத்துக்கடி ரெயின். எஸ்கலேற்றரில ரோக்கியோச் சனம் இடப்பக்கம் நிப்பினம், ஒசாக்காவில வலப்பக்கம். ஏன் எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவினம், கேக்காதேங்கோ.

முதல் போனது குரோமொன் மார்க்கெற். மேல கூரை போட்ட தெரு, 580 மீற்றர் மட்டில நீளம், நூற்றைம்பது கடை வரும். ஒரு காலத்தில ஹோட்டல்காரர் வந்து மீன் வாங்கிப் போற இடம், இப்ப எங்களை மாதிரி வெளியாக்கள்தான் கூட, அதால விலையும் ஏறித்தான் கிடக்கு. மச்சான் ஒவ்வொரு விலை மட்டையையும் பாத்து "இதை எங்கட சுப்பர்மார்க்கெற்றில அரைவிலைக்குத் தருவாங்கள்" எண்டு புறுபுறுத்துக்கொண்டே வந்தான், ஆனா சாப்பிட மறுக்கேல்லை. வாங்கினதைக் கடை வாசலிலயே நிண்டு சாப்பிட்டிட்டுக் குப்பையை அந்தக் கடைக்காரரிட்டயே குடுத்துப்போட்டு நகரோணும், நடந்துகொண்டு சாப்பிடாதேங்கோ எண்டு படம் போட்டு ஒட்டிக் கிடக்குது. ரோட்டில குப்பைத்தொட்டி தேடினாக் கிடைக்காது. பொக்கற்றில ஒரு சொப்பிங் பையை மடிச்சு வைச்சுக்கொண்டு போங்கோ.

அங்க நான் கனநேரம் நிண்டது பேத்தை மீன் விக்கிற கடைக்கு முன்னால. முல்லைத்தீவுக் கரையில வலையில பேத்தை வந்தா என்ன செய்வினம் எண்டு உங்களுக்குத் தெரியும், திட்டிப்போட்டு எறிவினம். அங்க அதைக் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசா வெட்டித் தட்டில பூ மாதிரி அடுக்கி வைச்சிருக்கு, தட்டின்ர கோலம் மீனுக்குள்ளால தெரியுது. ஈரலும் சினையும்தான் பெரிய நஞ்சு, லைசன்ஸ் எடுத்த ஆக்கள்தான் அதைத் துப்பரவாக்கலாம். விலையைப் பாத்து நான் ரெண்டடி பின்னால வந்தன். பதிலுக்குக் கோதோட சுட்ட மட்டி ஒண்டு, மேல கொஞ்சம் பட்டரும் சோயா சோஸும், கோதுக்குள்ள கிடந்த தண்ணியையும் விடாமல் குடிச்சாச்சு.

பக்கத்தில டோகுயாசுஜி எண்டு சமையல் சாமான் தெரு ஒண்டு. மெழுகிலயும் பிளாஸ்ரிக்கிலயும் செய்த போலிச் சாப்பாடு, மாலை மாதிரித் தொங்குற கடைவாசல் துணி, ஒரு ஆள் குளிக்கக்கூடிய அளவு கிடாரம். பக்கத்து ஊர் சாக்காய் கத்திக்குப் பேர்போனது, அந்தக் கத்தியளும் இஞ்ச கிடக்கு. அம்மாவுக்கு ஒண்டு வாங்கினன். கத்தி வாங்கினா பெரிய சூட்கேசுக்குள்ள வையுங்கோ, கைப்பையில கொண்டுபோனா எயார்போட்டில எடுத்துப்போடுவாங்கள்.

மத்தியானம் ஷின்செகாய். 1912 இல திறந்த ஒரு கேளிக்கைப் பேட்டை இது, வடக்குப் பக்கத்தைப் பாரிஸைப் பாத்தும் தெற்கை நியூயோர்க் கோணி ஐலண்டைப் பாத்தும் கட்டினவை. நடுவில சூதென்காகு கோபுரம். முதல் கோபுரம் 1943 இல அடியில இருந்த தியேட்டர் எரிய அதோட சேர்ந்து பழுதாகி, மிச்ச இரும்பையும் யுத்தத்துக்கெண்டு கழட்டிக்கொண்டு போட்டினம். சண்டை முடிஞ்சு அந்த ஏரியாச் சனமே கொம்பனி தொடங்கி, காசு சேர்த்து 1956 இல திரும்ப எழுப்பினது இப்ப நிக்கிறது, 103 மீற்றர், உச்சியில இடிதாங்கியோட 108. கீழ நிண்டு அண்ணாந்து பாக்கேக்க எனக்குக் கிளிநொச்சியில விழுத்திக் கிடந்த தண்ணித்தாங்கிதான் நினைவுக்கு வந்தது. அதைச் சுத்தி வேலி போட்டு, பஸ் பஸ்ஸா வந்து ஆக்கள் பக்கத்தில நிண்டு படம் எடுத்துக்கொண்டு போன காலம். இவங்கள் விழுந்ததை எடுத்துப்போட்டுப் புதுசா ஒண்டை நட்டு, அதுக்குள்ள கூர் தலையும் சிரிச்ச முகமுமா பிலிக்கன் எண்டு ஒரு பொம்மையை வேற இருத்தி வைச்சிருக்கிறாங்கள். அது அமெரிக்காவில ஒரு பொம்பிளை கீறின உருவம், இஞ்ச வந்து அதிர்ஷ்ட தெய்வம் ஆகிட்டுது. உள்ளங்காலைத் தேய்ச்சா நல்லது நடக்குமாம். தேய்ச்சுத் தேய்ச்சுக் கால் குழி விழுந்து கிடக்கு. நானும் தேய்ச்சனான், லொத்தர் இன்னும் விழேல்லை.

கோபுரத்தின்ர உச்சி லைற் அடுத்த நாள் காலநிலை சொல்லும். வெள்ளை எரிஞ்சா வெயில், செம்மஞ்சள் எண்டா முகில், நீலம் எண்டா மழை. நெல்லுக் காயப்போட்டிட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிற சனம் எங்கட சனம், இரணைமடுப் பக்கம் இப்பிடி ஒண்டை நட்டா எவ்வளவு உதவி. அதைச் சொல்ல மச்சான், "எங்கட வயலுக்குள்ள ஓடுற குபோட்டா கம்பனியும் இஞ்சதான் தொடங்கினது தெரியுமோ" எண்டான். உண்மைதான், 1890 இல ஒசாக்காவில இரும்பு வார்க்கிற பட்டறையாத் தொடங்கினது.

ஷின்செகாயில சாப்பாடு எண்டா குஷிகாட்சு. குச்சியில குத்தி, மாவில தோய்ச்சு, ரொட்டித் தூளில பிரட்டி எண்ணையில பொரிச்சுத் தருவினம். றால், காடை முட்டை, வெங்காயம், சிவப்பு இஞ்சி ஊறுகாய், மாட்டிறைச்சி, எல்லாம் குச்சிதான். தாமரைக்கிழங்கும் இருந்தது, ஓட்டை ஓட்டையா வட்டமா வெட்டிப் பொரிச்சு. குளத்துக்குள்ள இறங்கிக் கிழங்கு கிண்டின ஆக்களுக்கு அதின்ர ருசி சொல்லத் தேவையில்லை, இஞ்ச அது மொறுமொறு எண்டு உள்ளுக்கு மாப்பிடிப்போட நல்லாக் கிடந்தது, திரும்பவும் கேட்டு வாங்கினம். மேசையில ஒரு தட்டத்தில தண்ணிப் பதமான கறுப்புச் சோஸ், எல்லாருக்கும் பொது. குச்சியை ஒருக்காத்தான் தோய்க்கலாம், கடிச்சதைத் திரும்ப விடக்கூடாது, சுவரெல்லாம் அதைத்தான் பெருசா எழுதி வைச்சிருக்கு. சோஸ் காணாட்டிப் பச்சைக் கோவா இலை சும்மா தருவினம், அதால அள்ளி ஊத்திக்கொள்ளலாம். எச்சில் பாக்கிற அம்மா வந்திருந்தா இந்த ஊரை அந்தச் சுவர் எழுத்துக்காகவே மெச்சியிருப்பா. கொரோனாக்குப் பிறகு கனக்கக் கடையள் சோஸைப் போத்தலுக்கு மாத்திப்போட்டினம், எங்கட கடையில தட்டம் திரும்ப வந்திட்டுது. பொரிச்சுத் தாற ஐயா ஒராள், ஒவ்வொரு குச்சியையும் எண்ணைச் சட்டியில விட்டிட்டு மூஞ்சையைச் சரிச்சுச் சத்தத்தைக் கேக்கிறார், கண்ணால பாக்கிறதில்லை, சத்தம் மாற எடுக்கிறார். சாப்பிட்டு முடியக் குச்சியை எண்ணித்தான் காசு.

பின்னேரம் டென்டென் ரவுணுக்குள்ளயும் ஷின்சாய்பாஷிக் கடைத்தெருவுக்குள்ளயும் நடந்தம், முதலாவதில எலக்ரோனிக் சாமானும் பொம்மையும், ரெண்டாவதில உடுப்பும் சப்பாத்தும். கால் உளைஞ்சதுதான் மிச்சம்.

பொழுதுபட ஹோசென்ஜி ஒழுங்கை. ரெண்டு ஆள் தோள் முட்டப் போற அகலம், நிலத்தில கல்லுப் பதிச்சிருக்கு, ஒரு பக்கம் சின்னச் சின்னச் சாப்பாட்டுக்கடை, உள்ளுக்கு ஒரு கோயில். அந்தச் சாமி ஃபுடோ, சமஸ்கிருதத்தில அசலன், கையில வாளும் கயிறும், இந்தியாவில இருந்து பௌத்தத்தோட போனவர். வாறாக்கள் எல்லாம் அகப்பையால தண்ணி மொண்டு ஊத்தி ஊத்தி, உடம்பு முழுக்கப் பாசி பிடிச்சுப் பச்சைப் பசேல் எண்டு நிக்கிறார், மூக்கு எது கண் எது எண்டு பிடிக்க ஏலாது. 1945 இல கோயில் எரிய இவர் தப்பினவர். 2002 இல பக்கத்துப் பழைய தியேட்டரை இடிக்கேக்க தீப்பிடிச்சு ஒழுங்கையில ஒரு பகுதி எரிஞ்சுபோச்சு, அடுத்த வருசமும் ஒரு தீ. கட்டிடச் சட்டப்படி திரும்பக் கட்டேக்க பாதையை அகலிக்கோணும், கடைக்காரரும் ஊர்ச் சனமும் ஒற்றைக் காலில நிண்டு பழைய ஒடுக்கத்திலயே கட்டுவிச்சினம். நான் மூண்டு அகப்பை ஊத்தினன். மச்சான் தன்ர விசா புதுப்பிக்கோணும் எண்டு இன்னும் கனக்க ஊத்தினான்.

அங்க இருந்து திரும்பினா டோட்டன்போரி, சத்தம் அப்பிடியே வந்து முகத்தில அடிக்கும். நடுவால ஓடுற வாய்க்கால் 1612 இல டோட்டன் எண்டவர் தன்ர காசைப் போட்டு வெட்டத் தொடங்கினது. 1615 இல ஒசாக்காக் கோட்டைச் சண்டையில அவர் செத்துப்போக, சொந்தக்காரர் மிச்சத்தை வெட்டி முடிச்சு அவற்ற பேரையே வைச்சினம். இப்ப கரை ரெண்டிலயும் லைற்தான். ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுற மனுசன், கிளிக்கோ ரொபிக் கம்பனியின்ர விளம்பரம், முதல் வைச்சது 1935, யுத்தத்தில இரும்புக்குக் கழட்டினது, இப்ப நிக்கிறது ஆறாவது, 2014 இல எல்இடி போட்டது. ஒரு ரொபி சாப்பிட்டா 300 மீற்றர் ஓடலாம் எண்டு அந்தக் காலத்தில விளம்பரம் செய்தவை. எல்லாரும் அதே மாதிரிக் கையைத் தூக்கிப் படம் எடுக்கினம். நாங்களும்தான். எடுத்துத் தந்தது சிங்களப் பொடியள், "ஊர் எங்க" எண்டு கேட்டாங்கள், கிளிநொச்சி எண்டன், தாங்கள் குருநாகல் எண்டாங்கள், நல்லாக் கதைச்சுக்கொண்டு நிண்டம். பக்கத்தில ஒரு கடைக்கு மேல பெரிய நண்டு ஒண்டு காலையும் கண்ணையும் ஆட்டிக்கொண்டிருக்கு.

அந்த வாய்க்காலுக்கு மேல போற பாலத்தின்ர கதை ஒண்டை மச்சான் சொன்னான். 1985 இல ஹன்ஷின் ரைகர்ஸ் பேஸ்போல் ரீம் லீக்கில வெல்ல, சனம் வெறி முத்தி, ஒவ்வொரு வீரரின்ர சாயலிலயும் ஒராளைக் கூப்பிட்டு வாய்க்காலுக்குள்ள குதிக்க விட்டு, வீரர்களில ஒராளின்ர தாடிக்குப் பொருத்தமா ஆள் கிடைக்காமல் கேஎஃப்சி வாசலில நிண்ட தாத்தாச் சிலையைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டிட்டுதுகள். அந்த வருசத்துக்குப் பிறகு ரீம் நாட்டுச் சம்பியன் கப்பை வெல்லவே இல்லை, தாத்தாவின்ர சாபம் எண்டு சொல்லித் திரிஞ்சவை. சிலை சேத்துக்குள்ள இருந்து கிடைச்சது 2009 மார்ச்சில. அந்த மார்ச்சில நாங்கள் எங்க நிண்டம் எண்டு வன்னியாக்களுக்கு எழுதத் தேவையில்லை. அவங்கள் தாத்தாவைத் தூக்கிக் கழுவியிருக்கிறாங்கள், மச்சானும் நானும் ஒண்டும் கதைக்கேல்லை கொஞ்சநேரம். ரீம் அந்தக் கப்பைத் திரும்ப வெண்டது 2023 இல.

பிறகு டகோயாக்கி. 1935 இல ஒசாக்காவில ஒரு கடைக்காரர் தொடங்கின சாப்பாடு. குழி குழியா இருக்கிற இரும்புத் தட்டில மாவை வழிய வழிய ஊத்தி, ஒவ்வொரு குழிக்கும் ஒக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி. மாவு ஓரம் பிடிக்க, அந்தப் பிள்ளை ஊசி மாதிரி ரெண்டு கம்பியால வெளிய வழிஞ்சதை எல்லாம் உள்ளுக்குத் தள்ளிக் கால்வாசி திருப்புது, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் திருப்புது, எங்க பாத்தாலும் ஒரே அளவு உருண்டை. நாங்கள் வாங்கேக்க எட்டு உருண்டை 600 யென், அப்ப ஒரு யென் எங்கட ரெண்டு ரூபாக் கணக்கு. மேல சோஸ், மயோனைஸ், அதுக்கு மேல தூவுறது காட்சுவோ மீன் சீவல், ஆவி பட்டு அது உயிருள்ளது மாதிரி நெளியுது. வாயில வைச்சா நெடுகப் பழகின ருசி. எங்கட மாசிதான், அதே சூரை மீன், அவை புகை போட்டுக் கட்டை மாதிரி இறுக்கிச் சீவுறினம், நாங்கள் இடிச்சுச் சம்பலுக்குப் போடுறம். உள்ளுக்குக் கூழ் மாதிரிக் கொதிக்குது, குத்தி ஆறவிட்டுத் தின்னுங்கோ.

சைவக்காரர், வெள்ளி பிடிக்கிறாக்கள் கேப்பியள் எண்டு தெரியும், அதால இதையும் எழுதிறன். அந்த மீன் சீவலை அவிச்ச தண்ணிதான் அவையின்ர சமையலுக்கு அத்திவாரம், மரக்கறி நூடில்ஸ் எண்டு படம் போட்டிருந்தாலும் சூப் மீன். மாடு பன்றி சாப்பிடாதாக்கள் போனில கமரா வைச்சு மெனுவை மொழிபெயர்த்துப் பாருங்கோ, இல்லாட்டி றால், கணவாய் எண்டு கையைக் காட்டுங்கோ, கடலுணவுக்குப் பஞ்சமில்லை. சுத்த சைவம் எண்டா இந்தியன் கடை தேடோணும், இல்லாட்டிச் சின்னக் கடையள்ல விக்கிற புளிப்புப் பிளம் வைச்ச சோத்து உருண்டை, அதையும் லேபிள் பாத்து வாங்குங்கோ. கந்தசஷ்டியில ஒசாக்காவுக்கு ரிக்கெற் போடாதேங்கோ, வேற மாசம் பாருங்கோ.